கட்டியை எடுத்தாயிற்று, முதுகு ஏன் வளைகிறது?

தண்டுவடக் கட்டிக்குச் சிகிச்சை முடிந்த பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது கட்டியைப் பற்றி அல்ல, அதற்குப் பிறகு வரும் வளைவைப் பற்றி. சில கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: மகனுக்கு 7 வயது. இரண்டு வருடத்துக்கு முன் மேல்முதுகில் தண்டுவடக் கட்டியை எடுத்தார்கள். இப்போது கூன் விழுந்துகொண்டே போகிறது. ஆபரேஷனில் தவறு நடந்திருக்குமா டாக்டர்?

பதில்: கூன் விழுந்ததை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கட்டியை எடுக்கப் பெரும்பாலும் முதுகுப்பக்கம்தான் வழி. முள்ளெலும்புகளின் பின்புறத்தைக் கூரை போல மூடியிருக்கும் லேமினா என்ற எலும்பைத் திறந்தால்தான் உள்ளே போக முடியும். அந்தக் கூரைகளும் அவற்றைக் கோக்கும் தசைநார்களும்தான் முதுகைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்திருப்பவை. நான்கைந்து எலும்பில் கூரை போனால் பிடி தளர்ந்துவிடும்.

பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இது அதிகம். தசைநார் இளகலாக இருக்கும், உடம்பைப் பார்க்கத் தலை கனம், எலும்போ இன்னும் வளர்கிறது. முதுகு முன்னால் சாயச் சாய எலும்பின் முன்பக்கத்தில் பாரம் ஏறி அங்கே வளர்ச்சி மந்தமாகும். எலும்பே ஆப்பு போல ஆகிவிட்டால் வளைவு தானாகக் கூடிக்கொண்டே போகும். கட்டியால் பலவீனமான தசைகள் ஒருபுறம்; கதிர்வீச்சு கொடுத்திருந்தால் அதுவும் எலும்பு வளர்ச்சியைத் தடுக்கும். கழுத்தும் மார்பும் சேரும் இடம் இதற்கு மிகவும் இலக்கானது. இப்போது பலர் கூரையை மூடி போலக் கழற்றித் திரும்பப் பொருத்துகிறார்கள். லேமினோபிளாஸ்டி என்று பெயர். கூன் விழும் வாய்ப்பை அது குறைக்கலாம், அறவே நீக்கிவிடாது. கட்டியை அப்படியே விட்டிருந்தால் பிள்ளையின் கால்களே செயலிழந்திருக்கலாம். அதையும் நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: எம்ஆர்ஐ சுத்தமாக இருக்கிறது. எக்ஸ்ரே வேறு எதற்கு?

பதில்: எம்ஆர்ஐயைப் பொதுவாகப் படுக்கவைத்து எடுக்கிறோம். படுத்தால் வளைவு ஓரளவு நிமிர்ந்துகொள்ளும். கட்டி திரும்ப வந்ததா என்பதற்கு எம்ஆர்ஐ, முதுகு எப்படி நிற்கிறது என்பதற்கு நிற்கவைத்து எடுத்த முழு முதுகு எக்ஸ்ரே. நேராகவும் பக்கவாட்டிலும், இரண்டும் வேண்டும். நிற்க முடியாத பிள்ளைக்கு உட்காரவைத்து எடுக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது, வளர்ச்சி முடியும்வரை.

இன்னொன்று. ஒரு அம்மா மாதம் ஒருமுறை பிள்ளையை அதே சுவரோரம் சட்டையில்லாமல் நிறுத்திப் பக்கவாட்டில் போட்டோ எடுத்து வைத்திருந்தார். முதல் படத்தில் தெரிந்த கழுத்துக்குழி, ஐந்தாவதில் தாடைக்குக் கீழே மறைந்துவிட்டது. அந்த ஐந்து படங்களைப் பார்த்த பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நீங்களும் எடுத்து வையுங்கள்.

கேள்வி: பெல்ட் போட்டால் சரியாகுமா?

பதில்: சரியாகாது. சிறிய, இன்னும் இறுகாத வளைவாக இருந்தால் ஆபரேஷனைக் கொஞ்ச காலம் தள்ளிப்போட உதவலாம். ஆனால் இந்தப் பிள்ளைகளில் சிலருக்குத் தோலில் உணர்ச்சி குறைவாக இருக்கும். பெல்ட் அழுத்தினாலும் வலிக்காது. தினமும் கழற்றித் தோலைப் பாருங்கள். அரைமணி நேரம் கழித்தும் சிவப்பு மறையவில்லை என்றால் அந்த பெல்ட்டை மாற்றச் சொல்ல வேண்டும்.

கேள்வி: மகளுக்கு 6 வயது. இப்போதே முதுகில் ராடு (உலோகக் கம்பி) போட்டு இறுக்கிவிட்டால் வளர்த்தி நின்றுவிடாதா?

பதில்: நியாயமான பயம். முதுகெலும்பின் மார்பு, இடுப்புப் பகுதி முதல் 5 வயதில் சுமார் 10 செ.மீ., 5 முதல் 10 வயதுக்குள் சுமார் 5 செ.மீ., அப்புறம் வளர்ச்சி முடிவதற்குள் இன்னொரு 10 செ.மீ. அளவுக்கு நீள்கிறது. மார்புப் பகுதியைச் சீக்கிரமே பூட்டிவிட்டால் நுரையீரலுக்கும் இடம் குறையும். அதனால் பக்க வளைவு என்றால் மேலும் கீழும் மட்டும் பிடித்து, அவ்வப்போது நீட்டிக்கொள்ளும் ராடு போடுவோம். வெளியிலிருந்து காந்தத்தால் நீட்டும் வகையும் உண்டு. ஆனால் அது எம்ஆர்ஐ படத்தை வெகுவாகக் கெடுக்கும். கட்டியைத் தொடர்ந்து பார்க்க வேண்டிய பிள்ளைக்கு அதைப் போட நான் தயங்குவேன்.

கூன் தண்டுவடத்தையே அழுத்தத் தொடங்கிவிட்டால் கணக்கு வேறு. அப்போது உயரத்தைப் பற்றி யோசிக்காதீர்கள். தேவையான எலும்புகளை மட்டும் சேர்த்து உடனே நிலைநிறுத்த வேண்டும். கூரை இல்லாத இடத்தில் எலும்புகளை ஒன்றாகச் சேர்க்க வைக்கும் ஒட்டுஎலும்பு பிடிக்கப் பரப்பு குறைவு என்பதால், பலமுறை முன்பக்கமும் தாங்கு கொடுக்க வேண்டிவரும்.

கேள்வி: உள்ளே உலோகம் இருந்தால் கட்டி தெரியுமா? கொஞ்சம் கட்டி மிச்சமும் இருக்கிறது.

பதில்: டைட்டானியம் என்றால் எம்ஆர்ஐ எடுக்கலாம்; ஸ்க்ரூவைச் சுற்றி நிழல் விழும். கார்பன் ஃபைபரில் நிழல் இன்னும் குறைவு. மிச்சக் கட்டி வளராமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே முதுகை நிமிர்த்துவது பொதுவான வழக்கம். ஆபரேஷனுக்கு முன் புதிதாக ஒரு எம்ஆர்ஐ கட்டாயம்.

கேள்வி: நிமிர்த்தும்போது கால் செயலிழந்துவிடுமா?

பதில்: அந்த அபாயம் உண்டு, மறைக்க மாட்டேன். ஏற்கெனவே அடிபட்ட தண்டுவடம் இழுவையைத் தாங்கும் சக்தி குறைந்தது. அதனால் ஆபரேஷன் நடக்கும்போதே தலையிலிருந்து காலுக்கு நரம்பு சிக்னல் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். சில பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலேயே சிக்னல் மங்கலாக இருக்கும். அப்போது மயக்கத்தைக் குறைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, "கால் விரலை ஆட்டு கண்ணா" என்போம். பச்சைத் துணிக்கடியில் அந்தக் கட்டைவிரல் அசையும்வரை அறையில் யாரும் பேசமாட்டார்கள். சிக்னல் விழுந்தால் இழுத்ததைத் தளர்த்திவிடுவோம். பத்து டிகிரி வளைவு மிச்சம் நின்றாலும் பரவாயில்லை, பிள்ளை நடக்க வேண்டும்.

கேள்வி: 11 வயது மகளுக்கு ஸ்கோலியோசிஸ் (முதுகு பக்கவாட்டில் வளைவது) என்று உடற்பயிற்சி மட்டும் சொன்னார்கள். ராத்திரி முதுகு வலித்து எழுந்து அழுகிறாள்.

பதில்: காரணம் தெரியாமல் வரும் சாதாரண ஸ்கோலியோசிஸ் பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது அரிது. வளைவு இடப்பக்கம் இருக்கிறதா, நடை மாறியதா, சிறுநீர் கட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். தொப்புளைச் சுற்றி வயிற்றில் லேசாகக் கீறினால் இருபுறமும் தசை ஒரேபோலச் சுருங்க வேண்டும். ஒருபுறம் மட்டும் சுருங்கவில்லை என்றால் தண்டுவடத்தில் கட்டி போல ஏதோ இருக்கலாம். இவளுக்கு முழு முதுகுக்கும் எம்ஆர்ஐ தேவை. அடுத்த மாதம் வரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.