ராக் இசைக்குழுவின் கண்காட்சிக்குப் போகிறீர்களா? தனித்தனியாக நடங்கள், கடைசி அறையில் சேருங்கள்

கேள்வி: என் மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். நானும் மனைவியும் இரண்டு மாதம் அங்கே தங்கப்போகிறோம். ஒரு ராக் இசைக்குழுவின் கண்காட்சி பக்கத்து நகரத்துக்கு வருகிறது, டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்கிறான். கல்லூரியில் படிக்கும்போது பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கில ராக் குழுவின் கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டவன் நான். மனைவிக்கு இந்த இசை ஒட்டாது, ஆனால் ஓவியம் என்றால் நின்று பார்ப்பார். மூன்று பேருக்கும் சேர்த்தால் நல்ல தொகை ஆகிறது. கச்சேரியும் இல்லாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் கிட்டாரைப் பார்க்க அவ்வளவு கொடுக்கலாமா? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? வைத்திருப்பதெல்லாம் அசல்தானா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் உங்களைவிட உங்கள் மனைவிக்குத்தான் அது அதிகம் பிடிக்க வாய்ப்பு உண்டு. ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் பிங்க் ஃப்ளாய்ட் ரசிகர் என்பதால் அவர்களுடைய கண்காட்சியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இந்த வகைக் கண்காட்சி எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ள அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

'தெய்ர் மார்ட்டல் ரிமெய்ன்ஸ்' என்ற அந்தக் கண்காட்சி, லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 2017 மே 13 அன்று திறந்தது. அப்புறம் 2018இல் ரோம், அதே ஆண்டு ஜெர்மனியின் டார்ட்மண்ட், 2019இல் மாட்ரிட், 2021இல் லாஸ் ஏஞ்சலஸ், 2022இல் மான்ட்ரியல் என்று ஊர் ஊராகப் போனது. லண்டனில் மட்டும் 350க்கும் மேற்பட்ட பொருட்கள் இருந்தன.

இந்தக் குழுவின் 1970களின் புகழ்பெற்ற ஆல்பங்களின் உறைகளை நினைத்துப் பாருங்கள். எதிலாவது அவர்கள் முகம் இருக்கிறதா? 1970இல் ஒரு பசுமாடு, 1973இல் ஒளியைப் பிரிக்கும் முப்பட்டகம், 1975இல் கைகுலுக்கும் இருவரில் ஒருவர் மேல் எரியும் நெருப்பு, 1977இல் மின் நிலையத்தின் மேலே பறக்கும் பன்றி. இந்த நான்கிலும் வேலை செய்தது ஹிப்நோசிஸ் என்ற வடிவமைப்புக் குழு. ஸ்டார்ம் தோர்கர்சனும் ஆப்ரி பவலும் அதைத் தொடங்கியவர்கள். பவலே பின்னாளில் இந்தக் கண்காட்சியைத் தொகுத்தார். ஆக, படம் என்பது இந்தக் குழுவுக்குப் பாட்டின் மேல் ஒட்டிய அலங்காரம் இல்லை. ரசிகர்கள் அறிந்த முகமே அதுதான்.

கணினியில் படத்தை வெட்டி ஒட்டும் வசதி வருவதற்கு முந்தைய காலம் அது. நெருப்புப் படத்துக்காக ஒரு சண்டைக் கலைஞருக்கு உண்மையாகவே தீ வைத்தார்கள். காற்று திசை மாறி அவர் மீசை பொசுங்கியது. பன்றி பலூனை 1976 டிசம்பரில் லண்டன் பேட்டர்சீ மின் நிலையத்தின் மேல் கட்டிப் பறக்கவிட்டபோது கயிறு அறுந்து, அது விமானப் பாதையில் மிதந்து, கடைசியில் கென்ட் பகுதியில் ஒரு பண்ணையில் போய் இறங்கியது. 1987 ஆல்பத்துக்காக டெவன் கடற்கரை மணலில் சுமார் 700 மருத்துவமனைக் கட்டில்களை வரிசையாகப் போட்டார்கள். மழை வந்து கெடுத்ததால் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவந்து மறுபடியும் போட்டார்கள். ஓவியம் பிடித்த ஒருவர் இந்தப் படங்களின் முன்னால் அரை மணி நேரம் நிற்பார். அவருக்குப் பாட்டு தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்து ஹெட்போன். இதைத் தெரிந்துகொண்டு போனால் பாதிக் குழப்பம் தீரும். பல பாட்டுகளை ஒரே கூடத்தில் ஒலிபெருக்கியில் போட்டால் சந்தை இரைச்சல்தான் கேட்கும். அதனால் லண்டனில் நுழைவாயிலிலேயே ஆளுக்கொரு ஹெட்போன் கொடுத்தார்கள். நீங்கள் எந்தப் பொருளின் அருகில் நிற்கிறீர்கள் என்பதைக் கருவியே உணர்ந்து அதற்கான இசையையோ பேட்டியையோ ஒலிக்கும்; பொத்தான் எதையும் அழுத்த வேண்டாம். இரண்டு பகுதிகளின் எல்லையில் நின்றால் ஒலி தாவும். அப்போது கருவி பழுது என்று நினைக்காமல் இரண்டு அடி நகருங்கள், சரியாகிவிடும். காது கேட்கும் கருவி அணிபவர் என்றால் டிக்கெட் வாங்கும்போதே என்ன ஏற்பாடு இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

ஹெட்போனில் ஒரு சிக்கலும் உண்டு. சேர்ந்து போனவர்களை அது பிரித்துவிடும். நீங்கள் ஏதோ சொல்ல, மனைவி ஒரு காதைத் திறந்து "என்ன?" என்று கேட்க, இருவருக்கும் பாட்டு அறுபடும். கைப்பிடித்துக் கூட்டிப்போய் விளக்க வேண்டும் என்ற ஆசையை அன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். நீங்கள் இசைக்கருவிகள் பக்கம், அவர் ஓவியங்கள் பக்கம் என்று தனித்தனியாக நடங்கள். ஓவியங்களுக்கு முன்னால் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள்.

அசலா என்று கேட்டீர்கள். இத்தகைய கண்காட்சிகளில் அசலும் இருக்கும், மாதிரியும் இருக்கும். லண்டனில், குழு ஆரம்பத்தில் ஓட்டித் திரிந்த பெட்ஃபோர்ட் வேனின் மாதிரிக்குள் நுழைந்துதான் உள்ளே போக வேண்டும். அசலைவிடப் பெரிது என்பதால் அது மாதிரி என்று பார்த்தவுடனே தெரியும். சிறிய பொருட்கள்தான் பெரும்பாலும் அசல். கேம்பிரிட்ஜில் குழுவின் பாடலாசிரியர் ரோஜர் வாட்டர்ஸ் படித்த பள்ளியின் தண்டனைப் பதிவேட்டையும் பிரம்பையும் வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் பள்ளிக்கூட வாத்தியாரைப் பூதாகாரமான பொம்மையாக மேடையில் நிறுத்தியவர் அவர். அந்தப் பதிவேட்டில் அவர் பெயர் இருப்பதைப் பார்க்கும்போது, பள்ளியைச் சாடும் அவர் பாட்டின் வேர் எங்கே என்று பிடிபடும். எனக்குக் கிட்டார்களைவிட அந்த நோட்டு முக்கியம்.

இன்னொன்று, அஸிமத் கோ-ஆர்டினேட்டர் என்ற சின்னப் பெட்டி. அபே ரோடு ஸ்டூடியோவின் பொறியாளர் பெர்னார்ட் ஸ்பைட் செய்தது. அதன் குச்சியைத் திருப்பினால் அரங்கின் நான்கு மூலை ஒலிபெருக்கிகளிலும் ஒலி சுற்றிச் சுற்றி வரும். 1967 மே 12 அன்று லண்டன் குவீன் எலிசபெத் ஹாலில் அதைப் பயன்படுத்தினார்கள். கச்சேரி முடிந்ததும் முதல் பெட்டி திருடுபோனது. பிறகு செய்த பெட்டிதான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தேதியைக் கவனித்தீர்களா? அந்தக் கச்சேரி நடந்து சரியாக 50 ஆண்டும் ஒரு நாளும் ஆனபோது கண்காட்சி திறந்தது.

எல்லா ஊரிலும் ஒரே பட்டியல் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரவல் பொருளை உரிமையாளர் திரும்பக் கேட்பார். குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட் கிட்டார் லண்டனில் இருந்தது. கண்காட்சி மாட்ரிட்டில் நடந்துகொண்டிருந்த 2019 ஜூனில் அது நியூயார்க் ஏலத்தில் 39.75 லட்சம் டாலருக்கு விற்றுப்போனது. காகிதமும் துணியும் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் அவற்றுக்குச் சில மாதக் காட்சிக்குப் பின் ஓய்வு கொடுப்பது வழக்கம். ஒரு குறிப்பிட்ட பொருளுக்காகவே போகிறீர்கள் என்றால், அது அந்த ஊருக்கு வருகிறதா என்று முன்கூட்டி எழுதிக் கேளுங்கள்.

வெளிச்சம் குறைவாக இருக்கும் என்பதற்கும் தயாராகப் போங்கள். கையெழுத்துத் தாள், ஓவியம், உடை ஆகியவற்றின் மேல் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கே விளக்கு வைப்பார்கள். நம் வீட்டுக் கூடத்தில்கூட அதைவிட அதிகம் இருக்கும். உள்ளே போனதும் கண் பழக இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். வாசிப்புக் கண்ணாடி கட்டாயம் தேவை.

நேரம்: இரண்டரை மணி. வார நாளில், காலை முதல் நுழைவுக்கே பதிவு செய்யுங்கள். ஹெட்போன் வைத்த கண்காட்சியில் ஒவ்வொருவரும் பாட்டு முடியும்வரை நகர மாட்டார்கள், அதனால் பிற்பகலுக்குள் உள்ளே நெரிசல் சேர்ந்துவிடும். முதல் இரண்டு அறைகளில் எல்லாவற்றையும் வாசித்துக் களைத்துவிடாதீர்கள். கடைசி அறைக்கு இருபது நிமிடமாவது மிச்சம் வையுங்கள்.

லண்டனில் அந்தக் கடைசி அறையில் ஹெட்போனைக் கழற்றச் சொன்னார்கள். சுற்றிலும் ஒலிபெருக்கிகள். 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த லைவ் 8 என்ற இசை நிகழ்ச்சியில் குழுவின் கில்மர், வாட்டர்ஸ், மேசன், ரைட் நால்வரும் 24 ஆண்டுக்குப் பிறகு ஒன்றாக வாசித்தார்களே, அதன் பதிவு அங்கே ஓடியது. 2008இல் ரைட் காலமானார். அந்த நால்வரும் சேர்ந்து மறுபடி மேடையில் வாசித்ததில்லை. அதுவரை தனித்தனியாக ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்த முன்பின் தெரியாதவர்கள் எல்லாரும் அந்த அறையில் ஒரே பாட்டைக் கேட்டார்கள்.

உங்கள் ஊருக்கு வருவதிலும் இப்படி ஓர் அறை இருக்கிறதா என்று வாசலிலேயே விசாரியுங்கள். இருந்தால் மகனையும் மனைவியையும் அங்கே இந்த மணிக்குச் சந்திக்கலாம் என்று சொல்லிவிட்டுப் பிரியுங்கள். கதவோரம் நிற்க வேண்டாம்; அறையின் நடுவில் நின்றால்தான் ஒலி நாலா பக்கமும் சமமாக வந்து சேரும்.