நாய், பூனைகளின் தோல் நோயை எப்படிக் கண்டறிகிறார்கள்? ஊசி போட்டும் அரிப்பு ஏன் திரும்ப வருகிறது?

எட்டு மாத நாட்டு நாய்க்கு மூன்று முறை ஊசி போட்டும் ஒவ்வொரு முறையும் பத்து நாள் அடங்கி அரிப்பு மீண்டும் வந்துவிடுகிறது என்றும், வீட்டுப் பூனைக்கும் இப்போது வயிற்றில் முடி உதிர்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் சிறிய ஊர் ஒன்றில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். நேரில் பார்க்காமல் இன்ன நோய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போட்டது ஸ்டீராய்டு ஊசியாக இருந்தால், அரிப்பு அடங்கியதை வைத்து நோய் குணமானது என்று கொள்ள வேண்டாம். அந்த மருந்து பெரும்பாலான அரிப்புகளைச் சில நாள் அடக்கும். அரிப்பின் காரணம் அப்படியே இருக்கும்.

சிவத்தல், முடி உதிர்தல், பொருக்கு, நாற்றம் என்று தோல் காட்டக்கூடிய அடையாளங்கள் மிகச் சில. ஒட்டுண்ணியும் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஒவ்வாமையும் இதே அடையாளங்களோடுதான் வருகின்றன. இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். பட்டம் பெற்ற புதிதில், கண்ணைச் சுற்றி முடி கொட்டியிருந்த ஒரு குட்டிக்கு ஒவ்வாமை என்று நானே முடிவு செய்து ஸ்டீராய்டு கொடுத்தேன். மூன்று வாரத்தில் அது உடலெங்கும் சீழ்க்கொப்புளங்களோடு திரும்பி வந்தது. அப்போதுதான் தோலைச் சுரண்டிப் பார்த்தேன். நுண்ணோக்கியின் கீழே சுருட்டுப் போல நீண்ட டெமோடெக்ஸ் சிற்றுண்ணிகள் குவியலாகக் கிடந்தன. பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்து குட்டிக்கு வரும் இந்தச் சிற்றுண்ணி, முடிக்குழிகளில் தொல்லையின்றி வாழ்வது; எதிர்ப்பாற்றல் குறைந்தால்தான் பெருகும். அந்த எதிர்ப்பாற்றலை நான் ஸ்டீராய்டு கொடுத்து என் கையால் குறைத்திருந்தேன்.

சுரண்டல் பரிசோதனைக்கு மழுங்கிய பிளேடு, ஒரு சொட்டு எண்ணெய், ஸ்லைடு, நுண்ணோக்கி ஆகியவை போதும். டெமோடெக்ஸ் இருக்கலாம் என்று தோன்றினால் தோலை விரலிடையே பிதுக்கி, இலேசாக இரத்தம் கசியும் வரை சுரண்ட வேண்டும். சொறியை உண்டாக்கும் சார்கோப்டிஸ் என்ற சிற்றுண்ணி மேல்தோலில் இருப்பதால் காது ஓரம், முழங்கை போன்ற பல இடங்களில் அகலமாகச் சுரண்ட வேண்டும். அப்படியும் பல நாய்களில் அது கிடைப்பதே இல்லை. ஆகையால் காது நுனியைத் தேய்த்தவுடன் நாய் பின்னங்காலால் சொறிய முயல்கிறதா, வீட்டில் யாருக்காவது கையிலோ வயிற்றிலோ அரிப்பு உண்டா என்பதையும் கேட்டு, ஸ்லைடில் எதுவும் தெரியாவிட்டாலும் சொறிக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பது உண்டு. பூனைக்குச் சொறி தரும் நோட்டோட்ரிஸ் இதற்கு நேர்மாறானது. காதிலும் முகத்திலும் தடித்த பொருக்கைச் சுரண்டினால் எளிதில் அகப்பட்டுவிடும்.

வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரை என்று எண்ணிக் களிம்பு பூசுவோர் பலர். நாயின் வயிற்றில் ஓரம் உரிந்து வட்டமாகத் தெரிவது பெரும்பாலும் பாக்டீரியாக் கொப்புளம் உடைந்த தடம். மனிதருக்கென்று விற்கும், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்புகள் அங்கே நிலைமையைக் குழப்பத்தான் உதவுகின்றன. உண்மையான பூஞ்சை நோய் பூனைகளில், அதிலும் பெர்சியன் பூனைகளில் அதிகம். அதை உண்டாக்கும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரக்கூடும்; ஒளிராவிட்டால் இல்லை என்று பொருளில்லை, முடியைப் பூஞ்சை வளர்வதற்கான ஊட்டப்பொருளில் (வளர்ப்பூடகத்தில்) இட்டு இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். இது குழந்தைகளுக்கும் தொற்றும்.

ஒட்டுண்ணி, பாக்டீரியா, பூஞ்சை ஆகியவற்றை விலக்கிய பிறகே ஒவ்வாமையைப் பற்றிப் பேச வேண்டும். உணவு ஒவ்வாமைக்கு இரத்தப் பரிசோதனையை நான் நம்புவதில்லை. இதுவரை சாப்பிடாத ஒரு புரதத்தை மட்டும் குறைந்தது எட்டு வாரம் கொடுத்து, பிறகு பழைய உணவுக்குத் திரும்பும்போது அரிப்பு வருகிறதா என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி. தாத்தா ஒளித்துக் கொடுக்கும் ஒரு பிஸ்கட்டும் அந்த எட்டு வாரத்தை வீணாக்கும் (அனுபவத்தில் சொல்கிறேன்).

நாய்களின் சிகிச்சையில் இப்போது அஃபோக்சோலானர், ஃப்ளூராலானர் போன்ற மாத்திரைகள் தெள்ளுப்பூச்சி, உண்ணி, சொறி, டெமோடெக்ஸ் அனைத்திலும் நன்றாக வேலை செய்கின்றன. வலிப்பு வந்த நாய் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டெமோடெக்ஸில் முடி வளர்ந்துவிட்டதே என்று மருந்தை நிறுத்தக் கூடாது. ஒரு மாத இடைவெளியில் இரு முறை சுரண்டியும் சிற்றுண்ணி தென்படாதபோதுதான் நிறுத்த வேண்டும். ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து மலிவானதுதான், ஆனால் கோலி இன நாய்களில் ஒரு மரபணு மாற்றத்தால் அது மூளைக்குள் புகுந்து உயிரை வாங்கக்கூடும். நாய்க்கான பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி மருந்தைப் பூனைமேல் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். சிலர் நாய்க்குப் பூசும் பழைய என்ஜின் ஆயிலும் நஞ்சே. நாய் அதை நக்கும்.

உங்கள் இரண்டு விலங்குகளுக்கும் ஒரே நேரத்தில் தொல்லை வந்திருப்பதால் நான் முதலில் தெள்ளுப்பூச்சியைத்தான் சந்தேகிப்பேன். நாயிடமும் பூனையிடமும் பொதுவாக இருப்பது பூனைத் தெள்ளு என்ற ஒரே இனம். அதன் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் பாய், சோபா, தரையிடுக்குகளில் இருப்பதால் விலங்குக்கு மட்டும் மருந்து போட்டால் தீராது. மருத்துவரிடம் போவதற்கு மூன்று நாள் முன்பிருந்து இரண்டையும் குளிப்பாட்டாதீர்கள். போட்ட ஊசிகளின் சீட்டை எடுத்துச் செல்லுங்கள். இன்றே பூனையின் வால் அடியைப் பேன் சீப்பால் சீவி, விழும் கருந்துகள்களை நனைத்த வெள்ளைப் பஞ்சில் தட்டிப் பாருங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம்.