மிசோ சூப்பும் பிரஷர் மாத்திரையும்

கேள்வி: ஜப்பானியர்கள் நீண்ட நாள் வாழ்வதற்கு அவர்களுடைய பாரம்பரிய உணவுதான் காரணம் என்கிறார்கள். எனக்கு 58 வயது, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் மிசோ சூப் குடிக்கலாமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: மாத்திரையை நிறுத்திவிடவில்லையே? சரி. மிசோ என்பது சோயாவை உப்போடு புளிக்கவைத்த விழுது. சோறு, மீன், சோயா, கடற்பாசி, காய்கறி எல்லாம் நல்ல சாப்பாடுதான். யுனெஸ்கோகூட 2013இல் அந்த உணவு மரபைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் 1951இல் தொடங்கிச் சுமார் முப்பது வருடம் ஜப்பானில் அதிகம் பேரைக் கொன்றது பக்கவாதம் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரிய காரணம் உப்பு.

நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தது மாட்சுமோட்டோவில். நாகானோ மாகாணம்; சுற்றிலும் மலை, கடல் கிடையாது. பனிக்காலத்துக்காக நோசாவானா என்ற கீரையைப் பெரிய பீப்பாயில் உப்புப் போட்டு, மேலே கல் வைத்து அழுத்திவிடுவார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் தேநீரோடு ஒரு தட்டு ஊறுகாய் வரும். சாப்பாட்டில் மிசோ சூப், உப்பிட்ட மீன், மறுபடி ஊறுகாய். 1960களில் பக்கவாதச் சாவில் அந்த மாகாணம் முன்வரிசையில் நின்றதில் ஆச்சரியம் என்ன?

உப்பைக் குறைக்கவைக்க, ஊர்ப் பெண்களைத் தொண்டர்களாகச் சேர்த்து வீடு வீடாக அனுப்பினார்கள். அவர்கள் நேரே அடுப்படிக்குப் போய், சூப்பில் உப்புமானியை வைத்து அளந்து சொன்னார்கள். சாகு ஊரில் வாகாட்சுகி தோஷிகாசு என்ற டாக்டர் கிராமம் கிராமமாக நாடகம் போட்டே சுகாதாரம் சொன்னார். 1976இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. வீட்டில் ஓர் அறையையாவது சூடாக வையுங்கள் என்றும் ஓர் இயக்கம் நடந்தது, குளிரிலும் பிரஷர் ஏறும் என்பதால். 2010 கணக்கெடுப்பில் ஆண், பெண் இருபாலார் ஆயுளிலும் நாட்டிலேயே நாகானோ முதலிடம்.

நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி அந்தத் தொண்டர்களில் ஒருவர். முள்ளங்கி, காரட், காளான், டோஃபு என்று கிண்ணம் நிறையப் போட்டு, மிசோவைக் கொஞ்சமாகக் கரைப்பார். சூப்பில் தண்ணீர் குறைவு என்றால் உப்பும் குறைவுதானே. ஊறுகாயை மட்டும் அவர் கடைசிவரை விடவில்லை. மகன் வந்தால் ஒளித்து வைப்பார், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கணக்கு. ஒரு கிண்ணம் மிசோ சூப்பில் ஒன்றேகால், ஒன்றரை கிராம் உப்பு இருக்கும். நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பாரும் அப்பளமும் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன. ஆகவே மிசோ குடிக்கிற வேளையில் ரசத்தை விடுங்கள், காயை நிறையப் போடுங்கள். உமேபோஷி என்ற உப்புப் பழ ஊறுகாய் பாட்டில் வாங்கியிருந்தால் அதன் பக்கம் போகாதீர்கள். பழைய முறையில் போட்டதில் ஒரு பழத்திலேயே 2 கிராம் உப்பு வரை வரும்.

கேள்வி: அவர்கள் சாப்பிடுவதும் வெள்ளை அரிசிதானே? அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே!
– ஒரு வாசகர், கரூர்

பதில்: ஆனது, ஐயா. 1883இல் நீண்ட பயணம் முடித்துத் திரும்பிய ரியூஜோ போர்க்கப்பலில் 376 பேரில் 169 பேருக்கு பெரிபெரி. 25 பேர் இறந்தார்கள். தவிட்டோடு வைட்டமின் பி1 போனதால் வந்த நோய் என்று அப்போது யாருக்கும் தெரியாது. கடற்படை டாக்டர் தாகாகி கானெஹிரோ அடுத்த வருடம் இன்னொரு கப்பலை இறைச்சி, பால், ரொட்டியோடு அனுப்பினார். பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை. புரதக் குறைவுதான் காரணம் என்று அவர் நினைத்தது தவறு, செய்தது சரி. தரைப்படை டாக்டர்கள் அவரை நம்பாமல் வெள்ளைச் சோற்றையே போட்டார்கள். 1904–05 ரஷ்யப் போரில் 20,000க்கும் மேற்பட்ட வீரர்களைப் பெரிபெரி கொண்டுபோனது.

கேள்வி: சாப்ஸ்டிக்கால் சாப்பிட்டால் எடை குறையுமா?
– ஒரு கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: எனக்குக் குறைந்தது, பிடிக்கப் பழகும்வரை.