அவன் உங்கள் சொல்லைத்தான் கேட்டான்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். ஒரு வருடமாக மலச்சிக்கல். மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறைதான் போவான், அதுவும் அழுதுகொண்டே. இப்போது பள்ளியில் டிராயரிலேயே போய்விடுகிறான். கேட்டால் ‘எனக்குத் தெரியலை’ என்கிறான். டாக்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் பவுடர் எழுதித் தந்தார். நான்காம் நாள் தண்ணீராகப் போனதால் பயந்து நிறுத்திவிட்டேன். மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போனால், அவர் கேட்ட எதற்கும் இவன் வாயே திறக்கவில்லை. மாற்று டிராயரைச் செய்தித்தாளில் சுற்றிப் பையின் அடியில் வைத்து, யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான் தினமும் அனுப்புகிறேன். வேண்டுமென்றே செய்கிறான் என்று என் கணவர் இரண்டு முறை அடித்தும்விட்டார். என்ன செய்வது? (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்குப் பல வருடங்களாக வந்துகொண்டிருக்கிறது. மருந்து, டாக்டர் எல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் அந்தச் செய்தித்தாள் பொட்டலத்துக்கு வாருங்கள்.

அதை அவன் எப்படி எடுப்பான் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா அம்மா? வகுப்பு நடந்துகொண்டிருக்கும். உடை நனைந்துவிட்டது. பையிலிருந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அடியில் கைவிட்டு, சரசரக்கும் பொட்டலத்தை உருவி, அத்தனை பிள்ளைகளுக்கு நடுவே எழுந்து போக வேண்டும். யாருக்கும் தெரியவும் கூடாது. பெரியவர்களாலேயே முடியாத காரியம் இது. அந்த டிராயர் எப்போதாவது பிரிக்கப்பட்டு வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் சுற்றியது சுற்றியபடியே திரும்பி வந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிள்ளை மாலை வரை அதிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

டாக்டரிடம் வாய் திறக்கவில்லை என்று குறைப்படுகிறீர்கள். ‘யாரிடமும்’ என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? டாக்டர் மட்டும் அதில் சேர்த்தி இல்லை என்று ஆறு வயதுக்கு எப்படித் தெரியும்? அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை அவன். பெயர் வேண்டாம் என்றாலும் உங்களுக்கு எழுதிக் கொட்ட ஓர் இடம் கிடைத்தது. அவனுக்கு இருந்த இரண்டு வாசலையும், டீச்சரையும் டாக்டரையும், நீங்களே அடைத்துவிட்டீர்கள். கைக்குழந்தையாக இருந்தபோது நாலு பேர் எதிரில் கூசாமல் துடைத்து மாற்றிவிட்ட கை இது. பிள்ளையின் வயிற்றுக் கோளாறால் எந்தக் குடும்பத்தின் மானமும் போனதில்லை. உங்கள் கூச்சத்தை நீங்கள் சுமங்கள், அவன் பையில் வைத்து அனுப்பாதீர்கள்.

‘எனக்குத் தெரியலை’ என்று அவன் சொல்வது உண்மை. உங்கள் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். ஒரு முறை வலித்திருக்கும். அந்தப் பயத்தில் காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று அடக்கியிருப்பான். உள்ளே தங்கிய மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அது இன்னும் இறுகும், அடுத்த முறை இன்னும் வலிக்கும். இப்படியே சேர்ந்து சேர்ந்து மலக்குடல் விரிந்துபோனால், ‘வருகிறது’ என்ற உணர்வே மங்கிவிடும். மேலே இருந்து வரும் இளகிய மலம் அந்தக் கட்டியைச் சுற்றி வழிந்து டிராயரில் கசிகிறது. அவன் போகவில்லை, அதுவாக வழிகிறது. இதற்காகப் பிள்ளையை அடிப்பது பெரிய பாவம். அடிபட்ட பிள்ளை இன்னும் இறுக்கித்தான் அடக்கும். அடுத்த முறை டாக்டரிடம் அப்பா லீவு போட்டுவிட்டுக் கூட வர வேண்டும், அடித்ததற்கு அவனிடம் வருத்தமும் சொல்ல வேண்டும். தகப்பன் மகனிடம் இறங்கிப் பேசினால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

பவுடரை நீங்களாக நிறுத்தியதும் தவறு. ஆரம்ப நாட்களில் தண்ணீராகப் போவது அந்தப் பழைய கட்டி கரைந்து வருவதாலும் இருக்கலாம், அதைச் சுற்றி வழிவதாலும் இருக்கலாம். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை, அவரிடம் உடனே கேளுங்கள். முதலில் தேங்கியதை வெளியேற்ற வேண்டும். பிறகு குறைந்தது 2 மாதமாவது மருந்து தொடர வேண்டும், பல பிள்ளைகளுக்கு அதைவிட வெகு நாள் ஆகும். விரிந்த குடல் பழைய நிலைக்குத் திரும்ப அத்தனை காலம் பிடிக்கும்.

டாக்டரிடம் போகும்முன் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த நாள் போனான், கட்டியா இளகலா, எத்தனை முறை கசிந்தது, வலித்ததா, என்ன மருந்து எவ்வளவு கொடுத்தீர்கள். மல வடிவத்தை 7 வகையாகப் படம் போட்டுக் காட்டும் பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று உண்டு. படத்தை அவனே விரலால் தொட்டுக் காட்டலாம், வாயால் சொல்லக் கூசும் பிள்ளைக்கு அது நல்ல வழி. பிறந்து 48 மணி நேரத்துக்குப் பிறகுதான் முதல் மலம் போனானா, முதல் மாதத்திலிருந்தே சிக்கலா என்பதை நினைவுபடுத்திச் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம், வாந்தி, வயிறு வீக்கம், எடை ஏறாமை, கால் பலவீனம் இருந்தால் காத்திருக்காமல் காட்டுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதன் பின்னால் வேறு நோய் இருப்பதில்லை, ஆனாலும் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

அப்புறம் பள்ளி. வாசலில் நின்று பேசும் விஷயம் இல்லை இது. வகுப்பு டீச்சரிடம் தனியாக நேரம் கேட்டு, டாக்டரிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டு போங்கள். இது வியாதி, இவன் சேட்டை அல்ல என்று சொல்லுங்கள். கை தூக்கி எல்லார் காதிலும் விழக் கேட்காமல், மேஜையில் ஓர் அட்டையைத் திருப்பி வைத்துவிட்டுப் போக அனுமதி வேண்டும். தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வருகிற கழிப்பறை வேண்டும். சாப்பிட்ட பிறகு குடல் தானாக அசையும், அதனால் மதிய உணவுக்குப் பின் 5 முதல் 10 நிமிடம் அவசரப்படுத்தாமல் உட்கார விட வேண்டும். கால் தொங்கினால் முக்க வராது, பாதத்துக்கு ஒரு சின்ன ஸ்டூல் போதும். தண்ணீர் பாட்டில் காலியாகி வருகிறதா என்றும் பாருங்கள். கழிப்பறைக்குப் பயந்த பிள்ளைகள் தண்ணீரையும் நிறுத்திவிடும்.

இதெல்லாம் நாளைக்கு. இன்று இரவு, படுக்கப் போகும்முன் அவன் பக்கத்தில் உட்காருங்கள். ‘யாரிடமும் சொல்லாதேன்னு அம்மா சொன்னது தப்பு. டீச்சர்கிட்ட சொல்லலாம், டாக்டர்கிட்ட சொல்லலாம், நீ ஒண்ணும் தப்பு செய்யல’ என்று சொல்லுங்கள். உடனே நம்பமாட்டான், நான்கைந்து நாள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். மாற்று உடையை ஒரு துணிப்பையில் போட்டு, காலையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு போய், டீச்சரின் அலமாரியில் அவன் எதிரிலேயே நீங்கள் வையுங்கள்.