விடுதியைச் சுற்றியே ஐந்து நாள்

கேள்வி: ஜூலைக் கடைசியில் லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து ஐந்து நாள் ஸ்காட்லாந்து. போட் ஆஃப் கார்ட்டன் என்ற கிராமத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் பிடித்திருக்கிறாள். காரும் அவளே ஓட்டுவாள். என் கணவர் முதல் நாள் லாக் நெஸ், இரண்டாம் நாள் ஸ்கை தீவு, மூன்றாம் நாள் எடின்பரோ என்று தாளில் எழுதிவைத்துவிட்டார். மாமியாருக்கு எழுபது வயது, முட்டி வலி. மகனுக்குப் பன்னிரண்டு. எல்லாம் நடக்கிற காரியமா? அந்தக் கிராமத்தில் பார்க்க என்னதான் இருக்கிறது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதல் வேலையாக உங்கள் கணவரின் தாளை வாங்கி மடித்து வையுங்கள். போட் ஆஃப் கார்ட்டனிலிருந்து ஸ்கை தீவின் போர்ட்ரீக்குப் போக மட்டுமே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பவும் அதே கணக்கு. நானும் ஒரு தடவை இப்படி ஒரே நாளில் போய்வந்தவள்தான். அன்றைக்கு நான் நன்றாகப் பார்த்தது கார்க் கண்ணாடியில் ஆடிய வைப்பரை. எடின்பரோவைத் திரும்பும் வழியில் ஒரு இரவு தங்கிப் பாருங்கள். லாக் நெஸ் ஒரு மணி நேரத் தூரம்தான், அவர் மனம் கோணாமல் அரை நாள் கொடுத்துவிடலாம். பெரிய ஏரி, கரையில் ஒரு பாழடைந்த கோட்டை. ஏரியில் வாழ்வதாகக் கதை சொல்லும் அந்த விலங்கு வராது.

உங்கள் மகள் விவரம் தெரிந்துதான் இடம் பிடித்திருக்கிறாள். அந்தக் கிராமம் கேர்ன்கார்ம்ஸ் தேசியப் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. 2003-இல் அமைந்த இந்தப் பூங்கா 4,528 சதுர கிலோமீட்டர், பிரிட்டனிலேயே பெரியது. ஸ்பே ஆற்றைக் கடக்கப் பாலம் வருவதற்கு முன் அங்கே படகுத்துறை இருந்தது. ஊர்ப் பெயரில் உள்ள 'போட்' அந்தப் படகுதான்.

காலையில் கெஸ்ட் ஹவுஸ் சாப்பாட்டை முடித்துக்கொண்டு லாக் கார்ட்டனுக்குக் கிளம்புங்கள். 'லாக்' என்றால் ஏரி. நாலைந்து கிலோமீட்டர்தான். மீன் பிடித்துத் தின்னும் பருந்து போன்ற விராலடிப்பான் (ஆஸ்ப்ரே) பறவை பிரிட்டனில் கூடு கட்டுவதே நின்றுபோய், 1954-இல் திரும்பி வந்தது இந்த ஏரிப் பக்கம்தான். முட்டை சேகரிக்கும் கிறுக்குப் பிடித்தவர்கள் கூட்டைச் சூறையாடிய கதையெல்லாம் உண்டு. கடைசியில் பறவை ஆர்வலர்கள் இரவும் பகலும் காவல் இருந்து காப்பாற்றினார்கள். ஒளித்துவைத்துக் காப்பதைவிட ஊரையே காவலுக்கு வைப்பது மேல் என்று 1959-இல் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் அவை மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பத் தொடங்கிவிடும். நீங்கள் போகும் சமயம் சரியானதுதான். ஆனால் எந்தக் கூட்டில் இருக்கின்றன என்பது வருடத்துக்கு வருடம் மாறும், அங்குள்ள மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பறவை கண்ணில் படாவிட்டாலும் சிவப்பு அணில் பெரும்பாலும் ஏமாற்றாது.

மாமியாருக்கு என்று நான் முதலில் எழுதுவது ராத்திமர்க்கஸ் காட்டுக்குள் இருக்கும் லாக் அன் எலன். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் பாதை, பெரும்பாலும் சமதளம். அவர் முழுதும் சுற்ற வேண்டாம். கார் நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்ச தூரம் போனாலே ஏரி நடுவில் தீவும், அதன்மேல் இடிந்த கோட்டையும் தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் அந்தக் கோட்டைச் சுவரில் கூடு கட்டி வாழ்ந்ததும் இதே விராலடிப்பான்தான். ஒரு ஃபிளாஸ்க்கில் டீ போட்டுக் கொடுத்து அங்கே உட்கார வைத்துவிட்டு, மற்றவர்கள் சுற்றி வாருங்கள்.

அப்புறம் நியூட்டன்மோரில் ஹைலேண்ட் ஃபோக் மியூசியம். காரில் அரை மணி. இசபெல் கிராண்ட் என்ற பெண்மணி 1935-இல் அயோனா தீவில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் தொடங்கிய சேகரிப்புதான் இப்படி வளர்ந்திருக்கிறது. 1700-களின் ஹைலேண்ட் (ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி) கிராமம் ஒன்றை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். கூரை வேய்ந்த வீடு, நடுவில் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த 'பீட்' மண் எரியும் அடுப்பு, புகை போகச் சரியான வழியில்லாமல் கரி படிந்த உத்தரம், மாடும் மனிதரும் ஒரே கூரைக்குக் கீழ். விறகடுப்பில் ஊதிச் சமைத்த தலைமுறைக்கு அந்தப் புகை வாசனை பட்டதும் பேச்சு தானாக வந்துவிடும். இடம் நீளமானது, இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கி மெதுவாக நடங்கள்.

மகனுக்கு? கிராமத்திலிருந்தே நீராவி ரயில் ஓடுகிறது. 1863-இல் போட்ட பாதையை 1965-இல் மூடிவிட்டார்கள். ரயில் பித்துப் பிடித்தவர்கள் சேர்ந்து 1978-இல் மறுபடி ஓட்டத் தொடங்கினார்கள். ஏவிமோருக்கும் புரூம்ஹில்லுக்கும் நடுவில் பதினாறு கிலோமீட்டர், நடு நிலையம் உங்கள் ஊர். எல்லா நாளும் ஓடாது, அட்டவணையைப் பாருங்கள். ஆனால் அவன் ஊருக்கு வந்து கதை சொல்லப்போவது பனிமான்களைப் பற்றி. ஸ்காண்டிநேவியாவின் வடக்கில் மான் மேய்க்கும் 'சாமி' என்ற பழங்குடியைச் சேர்ந்த மிக்கேல் உட்சி 1952-இல் ஸ்வீடனிலிருந்து சில மான்களைக் கொண்டுவந்து விட்டார். இப்போது அது ஒரு மந்தை. கிளென்மோரிலிருந்து வழிகாட்டியோடு மலைமேல் போனால் மான்களுக்கு நடுவிலேயே நிற்கலாம். அந்தப் பாதை மேடும் பள்ளமும், மாமியாருக்கு வேண்டாம். அவரைப் பக்கத்தில் லாக் மோர்லிக் கரையில் விடுங்கள். கடலே இல்லாத இடத்தில் மணல் கடற்கரை மாதிரி இருக்கும். பையனுக்கு அங்கே படகும் வாடகைக்குக் கிடைக்கும். அவனை ஸ்பே ஆற்றில் மட்டும் நீந்த விடாதீர்கள். பார்க்கச் சாதுவாகத் தெரிந்தாலும் இழுப்பு பலமானது.

கிளென்மோரிலிருந்தே இன்னொரு நல்ல நடை, லாக்கன் உவேன் என்ற சின்னப் பச்சை ஏரி. தேவதைகள் துணி துவைத்துத்தான் தண்ணீர் பச்சையானது என்பது ஊர்க்கதை.

கேர்ன்கார்ம் மலை 1,245 மீட்டர்தான், நம் ஊட்டியைவிடத் தாழ்வு. அதை நம்பி யாரும் செருப்போடு ஏறிவிட வேண்டாம். அதன் உச்சியில் 1986 மார்ச்சில் மணிக்கு 278 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவாகியிருக்கிறது. ஜூலையிலும் கீழே வெயில், மேலே மூடுபனி, சில்லென்ற மழை எல்லாம் ஒரே நாளில் வரும். மலை ரயில் ஒன்று உண்டு, ஆனால் பழுதுக்காக அது வருடக்கணக்கில் நின்றிருக்கிறது. அன்றைக்கு ஓடுகிறதா என்று விடுதிக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

உங்கள் கணவருக்கும் ஏதாவது வேண்டுமே. ஸ்பே ஆற்றின் பெயரைச் சொன்னாலே விஸ்கிதான், வடிசாலைகளைச் சுற்றிக் காட்டுவார்கள். ஓட்டுவது மகள் என்பதால் அவள் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் மது அளவு இங்கிலாந்தைவிடக் குறைவு. ஓட்டுநர் பங்கைச் சின்னக் குப்பியில் ஊற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள், கேளுங்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் மிட்ஜ். கொசுவில் கால்வாசி இருக்கும், வந்தால் கூட்டமாக வரும். காற்றில்லாத ஈரமான சாயங்காலம்தான் அதன் நேரம். காற்று கொஞ்சம் வீசினாலே காணாமல் போய்விடும். ஏவிமோர் கடைகளில் தலைக்கு மாட்டும் வலை விற்பார்கள், போட்டால் தேனெடுக்கப் போகிறவர் மாதிரி இருக்கும். வெட்கப்படாமல் வாங்குங்கள். புல்லில் நடந்துவிட்டு வந்தால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று காலைப் பாருங்கள், குறிப்பாகப் பையனுக்கு. ஒட்டியிருந்தால் நசுக்காமல் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். லைம் என்ற நோய் அதன் வழியாகத்தான் வருகிறது. மாமியார் சேலையே கட்டட்டும், ஆனால் கீழே ஷூவும் மேலே மழைக்கோட்டும் வேண்டும். குடை அங்கே காற்றில் மலர்ந்து போகும்.

சாப்பாடு: கெஸ்ட் ஹவுஸில் பெரும்பாலும் காலைச் சாப்பாடு மட்டும்தான். சைவம் என்றால் முன்னாலேயே எழுதிவிடுங்கள். ஓட்ஸ் கஞ்சி நன்றாகவே இருக்கும். பக்கத்து ஊரான கார்பிரிட்ஜில் அக்டோபர்தோறும் கஞ்சி காய்ச்சும் உலகப் போட்டியே நடத்துகிறார்கள். (அந்த ஊரில் 1717-இல் கட்டிய கல்பாலத்தையும் எட்டிப் பாருங்கள், ஐந்து நிமிடம் போதும்.) இரவில் ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருப்பதால் நேரம் போவது தெரியாது, ஆனால் கிராமத்துச் சமையலறைகள் எட்டு, எட்டரைக்கே மூடிவிடும். அறையில் ஒரு பாக்கெட் ரொட்டி இருக்கட்டும். தாளிக்கிற யோசனை மட்டும் வேண்டாம், புகை மணி அலறி விடுதியே வாசலில் நிற்கும்.

பனிமான் நடைக்கு மட்டும் இப்போதே இடம் பிடித்துவிடுங்கள். அங்கே அது பள்ளி விடுமுறைக் காலம்.