சித்திரை வருஷப் பிறப்புக்கு வன்னியில் என்ன பூ?

கேள்வி: "கனடாவில் வசந்தம் என்றால் ட்யூலிப். அம்மாவின் ஊர் இலங்கையின் வடக்கே வன்னியில் உள்ள முள்ளியவளை, நான் பிறந்தது இங்கே. வன்னியில் சித்திரை வருஷப் பிறப்புக்கு அப்படி ஒரு பூ உண்டா?"

உண்டு. ஆனால் உங்கள் பூ பனி உருகிப் பூக்கிறது, எங்கள் பூ வெயில் ஏறிப் பூக்கிறது. பங்குனியில் குளத்து நீர் வற்றிக்கொண்டு வரும். கொன்றை இலையைக் கொட்டிவிட்டு மஞ்சள் சரமாகத் தொங்கும். வேம்பு பூத்து வளவெல்லாம் மணக்கும். மழைக்குப் பூக்கிற கார்த்திகைப்பூ அந்த நேரம் மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கும்.

எங்கள் வருஷப் பிறப்பில் பூ தலைக்கும் போகும், சட்டிக்கும் போகும். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூவோடு துளசி, வில்வம், அறுகு, பால், மஞ்சள், மிளகு, சுக்கு எல்லாம் சேர்த்துக் காய்ச்சுவதுதான் மருத்துநீர். கோயிலில் ஐயர் காய்ச்சி வைத்திருப்பார், செம்போடு போய் வாங்கி வருவோம். வீட்டில் மூத்தவர் தலையில் வைத்துவிட்ட பிறகுதான் முழுக்கு. தலைக்கும் காலுக்கும் எந்த இலை என்பதைப் பஞ்சாங்கம் சொல்லும், அது வருஷத்துக்கு வருஷம் மாறும்.

வேப்பம்பூ என்றால் எனக்கு அம்மம்மாதான். விடிய முதல் மரத்தடியைக் கூட்டிவிட்டுப் பழைய சேலையை விரிப்பா. வெயில் ஏறமுன் உதிர்ந்த பூவைச் சுளகில் அள்ளி, காம்பும் தூசும் போகப் புடைப்பா. பிறகு ஊறவைத்து அரைத்த உளுந்தோடு வெங்காயம், செத்தல் மிளகாய் போட்டுப் பிசைந்து, சின்னச் சின்ன வடகமாகத் தட்டிக் காயவைப்பா. காகம் கொத்தாமல் காவல் இருப்பது என் வேலை. அந்தக் கைமணம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது.

ஒரே பூ இரண்டு சனத்துக்கு இரண்டு விதமாகப் பேசும் என்பதற்கு முள்முருக்கைப் பாருங்கள். இலையில்லாக் கொப்பில் அது சிவப்பாகப் பூத்தால், குயிலும் கூவினால், சிங்களச் சனத்துக்குப் புத்தாண்டு வந்துவிட்டது. அவர்கள் அதை எரபது என்பார்கள். எங்களுக்கு அது முதலில் வேலிக் கதியால், அதாவது வேலிக்கு நடுகிற உயிர்த்தடி. கலியாண வீட்டில் கன்னிக்காலாக ஊன்றுவதும் அந்தத் தடியைத்தான். அது துளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்று நம்புகிறோம். பூவை நாங்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை, தளிரைத்தான் பார்க்கிறோம்.

பூ மட்டுமல்ல, ஓலையும் இடத்துக்கு இடம் மாறும். மன்னார்ப் பக்கம் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முந்திய ஞாயிறு குருத்தோலை பிடிப்பார்கள். அந்த ஓலை கிடைக்காத போலந்தில், பஞ்சுபோல மொட்டு விட்ட வில்லோ மரக் கொப்பைக் கொண்டுபோகிறார்கள்.

உங்கள் ட்யூலிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் நாட்டை விட்டு வந்த நெதர்லாந்து இளவரசி யூலியானாவுக்கு ஒட்டாவா இடம் கொடுத்தது. 1943ல் அங்கே அவருக்கு ஒரு மகளும் பிறந்தாள். 1945ல் நன்றிக்காக 1,00,000 ட்யூலிப் கிழங்குகள் வந்தன, இன்றும் வருஷாவருஷம் வருகின்றன. இடம்பெயர்ந்து, யாரோ ஒருவருடைய வளவில் கொட்டில் போட்டு இருந்தவன் நான். அந்தப் பூ எனக்கு அந்நியமாகப் படவில்லை.

ஊரிலிருந்து யாரும் வந்தால் வேப்பம்பூ வடகம் கொண்டுவரச் சொல்லுங்கோ. எண்ணெய் கொதிக்கவிடாமல் மெல்லிய நெருப்பில் பொரியுங்கோ. பூ கருகினால் கசப்பு மட்டும்தான் மிஞ்சும்.