நேந்திரம் பழத்தில் பனானா பிரெட் செய்யலாமா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

எல்லாப் பதில்களுக்கும் அடிப்படையாக ஓர் அளவைச் சொல்லிவிடுகிறேன். மைதா 250 கிராம், மசித்த பழம் 350 கிராம், சர்க்கரை 150 கிராம், எண்ணெய் 100 மில்லி, முட்டை 2, ஆப்பசோடா 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். 175 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

நாகர்கோவிலில் இருந்து: வீட்டில் நேந்திரம் குலை பழுத்துக் கிடக்கிறது. அதையே போடலாமா?

தாராளமாகப் போடலாம் அக்கா. ஆனால் தோல் மஞ்சளாக இருக்கும்போது தொடாதீர்கள். நன்றாகக் கறுத்து, அழுத்தினால் விரல் பதிய வேண்டும். மற்ற வாழைப்பழங்களில் பழுக்கப் பழுக்க மாவுச்சத்து கிட்டத்தட்ட முழுவதும் சர்க்கரையாகிவிடும். நேந்திரத்தில் பழுத்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பாதி பழுத்ததைப் போட்டால் பிரெட் இறுகிப்போவது அதனால்தான்.

தண்ணீரையும் கவனியுங்கள். சாதாரணப் பழத்தில் முக்கால் பங்கு நீர். நேந்திரத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் 350 கிராம் பழத்துக்கு மூன்று, நான்கு மேசைக்கரண்டி பாலோ தயிரோ சேர்க்க வேண்டும். தயிர் என்றால் இன்னும் நல்லது, சோடாவுக்குத் தேவையான புளிப்பும் கிடைக்கும். நடுவில் உள்ள கறுப்பு விதைக்கோட்டை எடுத்துவிட்டு மிக்ஸியில் அடியுங்கள். கையால் மசித்தால் கட்டி கட்டியாக நிற்கும். வெனிலா வேண்டாம்; ஏலக்காயும் தேங்காய் எண்ணெயும் நேந்திரத்துக்கு அவ்வளவு பொருத்தம்.

அப்படியானால் வாழைக்காயை வேகவைத்துப் போடலாமா?

வேண்டாம். இனிப்பும் இல்லை, மணமும் இல்லை, களி மாதிரி வரும். காயை உலர்த்தி அரைத்த மாவு இருந்தால் மைதாவில் கால் பங்குக்குப் பதிலாகச் சேர்க்கலாம். அது நன்றாகவே வரும்.

டொரண்டோவில் இருந்து: கடையில் பிளான்டைன் (நேந்திரம் வகை வாழை) பச்சையாகத்தான் கிடைக்கிறது. ஓவனில் வைத்துப் பழுக்க வைக்கலாமா?

தோல் கறுக்கும், சதையும் மெத்தென்று ஆகும். ஆனால் இனிப்பு பெரிதாக ஏறாது தம்பி. மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதற்கு நாட்கள் வேண்டும். காகிதப் பையில் ஓர் ஆப்பிளோடு போட்டு மூடி வையுங்கள். ஆப்பிளிலிருந்து வரும் எத்திலீன் வாயு வேலையைத் துரிதப்படுத்தும். பச்சையாக இருக்கும்போது ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள், பழுப்பது நின்றுபோகும்.

திருச்சியில் இருந்து: பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி. எது சிறந்தது?

என் முதல் தேர்வு பூவன்தான். அதன் லேசான புளிப்பில் சோடா நன்றாக வேலை செய்கிறது. கற்பூரவள்ளி என்றால் சர்க்கரையில் 30 கிராமாவது குறையுங்கள். ரஸ்தாளி நன்றாகக் கனிந்தால் போடலாம். மலைவாழையை மட்டும் அடுப்பில் வைக்காதீர்கள், அதன் மணம் அப்படியே சாப்பிடுவதற்கு உரியது.

இன்னொன்று: பழத்தை எண்ணாதீர்கள், எடை போடுங்கள். வெளிநாட்டுக் குறிப்புகளில் 'மூன்று பழம்' என்றால் உரித்த பிறகு ஒவ்வொன்றும் 100 கிராமுக்கு மேல் வரும் பெரிய கேவண்டிஷ் பழம். பூவனில் மூன்று போட்டால் மாவு வறண்டுதான் போகும். பிரெட் சரியாக வரவில்லை என்று எழுதுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே பழத்தின் எடையைத்தான்.

முட்டை இல்லாமல், கோதுமை மாவில், வெல்லம் போட்டுச் செய்ய வேண்டும். வழி உண்டா?

உண்டு. ஒரு முட்டைக்கு 50 முதல் 60 மில்லி கெட்டித் தயிர். கோதுமை மாவு அதிகம் நீர் இழுக்கும், இரண்டு மேசைக்கரண்டி பால் கூட்டுங்கள். வெல்லத்தைப் பாகு காய்ச்சாமல் பொடித்தே சேருங்கள். ஆனால் மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். அதோடு நேந்திரமும் சேர்ந்தால் எது கெடுத்தது என்றே தெரியாது. முதல் தடவை முட்டையை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

ஆப்பசோடா இல்லை. பேக்கிங் பவுடர் போதுமா?

போதும், மூன்று மடங்கு போடுங்கள். நிறம் மட்டும் வெளுப்பாக இருக்கும். சோடாவை அளவுக்கு மேல் போட்டால் சோப்பு வாடை வரும், சிட்டிகை கூட அதிகம் வேண்டாம்.

மேலே நன்றாகச் சிவந்துவிடுகிறது, நடுவில் பச்சையாக அமுங்கிப்போகிறது. ஏன்?

பழம் அதிகமாக இருக்கலாம், அல்லது வேகும் முன்பே எடுத்துவிடுகிறீர்கள். 40 நிமிடம் ஆனதும் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக மூடி, வேகும் வரை விடுங்கள். நடுவில் குச்சி விட்டால் ஈரமாவு ஒட்டக்கூடாது. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 95 டிகிரி காட்ட வேண்டும். ஓவன் கதவை அரை மணி நேரத்துக்குள் திறக்காதீர்கள். குக்கரில் செய்பவர்கள் கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டு, அடியில் உப்பு பரப்பி, பத்து நிமிடம் சூடாக்கிய பிறகு டின்னை உள்ளே வையுங்கள். அப்புறம் தீ கடைசி வரை சிறியதாகவே இருக்கட்டும்.